ஏழாம் திருவிழா விளக்கில் இரண்டு கோடுகள்

மூன்றாவது கடையிலும் என்னைப் பைத்தியக்காரனைப் போலத்தான் பார்த்தார்கள்.

சாவகச்சேரிச் சந்தைக்கு எதிரே இருந்த இரும்புக்கடை அது. முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "பச்சை மெழுகோ?" என்றார்.

"பித்தளை மினுக்கிற பச்சை மெழுகு. கையிலை பிடிச்சு அராவிற மினி கிரைண்டரோடை பாவிக்கிறது. ரெண்டு மாசத்துக்குள்ளை வாங்கின ஆக்களின்ரை பேர் வேணும்."

"ஐயா, இப்ப ஆர்தான் வாங்கேல்லை? ராத்திரி போனிலை வீடியோ பாக்கினம், விடிஞ்சால் வந்து மினி கிரைண்டர் கேக்கினம். ஒராள் தேங்காய்ச் சிரட்டையிலை கரண்டி செய்யிறார். ஒராள் மீன்தொட்டிக்குக் கல்லுச் செதுக்கிறார். ஒரு வாத்தியார் தன்ரை நாய்க்கு நகம் அராவுறார். நான் ஆரெண்டு சொல்ல?"

என் பின்னால் நின்ற மரியநாயகி குறிப்புப் புத்தகத்தை விரித்தாள். "நாயின்ரை பேரையும் எழுதட்டோ ஐயா?"

பதினொரு மணி வெயில் மண்டையைப் பிளந்தது. மாலை ஐந்து மணிக்குக் கோயில் சபை கூடுகிறது. அதற்குள் எனக்கு ஒரு குற்றவாளி வேண்டும்.

நான் க. மார்க்கண்டு. நீதிமன்றப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு ஊரில் காணாமற்போன எல்லைக்கல் முதல் களவுபோன தண்ணீர்ப் பம்பு வரை பதினான்கு விடயங்களைத் துப்புத் துலக்கியிருக்கிறேன். பதினான்கும் பிறருடையவை. பதினைந்தாவது என் சொந்தக் குடும்பத்தின் மானம். அதில்தான் மூன்று கிழமையாகத் தடுக்கி நிற்கிறேன்.

எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் ஏழாம் திருவிழா எங்கள் குடும்பத்துக்கு உரியது. அன்று சுவாமிக்கு முன்னால் தொங்கும் பித்தளைத் தூக்குவிளக்கும் எங்களுடையது. அதன் அடிப்பக்கத்தில் 'ச. கதிரவேலு உபயம்' என்று என் தகப்பனாரின் பெயர் அறுபது வருடங்களாக இருந்தது. மூன்று கிழமைக்கு முன் அந்தப் பெயர் இல்லை. உள்ளங்கை அளவு இடம் வழுவழுவென்று அராவப்பட்டிருந்தது. ஓரத்தில் பச்சை மெழுகு ஒட்டியிருந்தது. பெயர் போனால் உரிமைக்குச் சான்று போயிற்று. சான்று போனால் ஏழாம் திருவிழாவும் போகும்.

யார் செய்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜெயரூபன். "ஏழாம் திருவிழா முந்தி எங்கடை அம்மம்மா இராசாத்தியின்ரை. அந்த விளக்கும் அவவின்ரைதான்" என்று தேநீர்க்கடையில் கதைத்துத் திரிபவன். நான்கு பக்கத்தில் மனு எழுதி என் சட்டைப் பையில் வைத்திருந்தேன். நீதிமன்ற எழுத்தில் குற்றஞ்சாட்டப்பட்டவரை 'எதிரி' என்போம். என் மனுவில் முதலாம் எதிரி ஜெயரூபன். இல்லாதது சாட்சியம் மட்டுமே.

கடைப்படியை விட்டு இறங்கும்போது முதலாளி பின்னால் கூப்பிட்டார். "ஐயா, உங்கடை ஊர்ப் பக்கம் ஒராள் வாங்கினவர். உயரமான ஆள். சிரட்டையிலை வேலை செய்யிறவர். ஜெயரூபனோ, ஜெயரூபோ..."

என் முதுகு தானாக நிமிர்ந்தது.

"ஆசுப்பத்திரி வாசலிலை நிண்டு மருந்து வாங்கின மாதிரி முகம் மலருது," என்றாள் மரியநாயகி ஸ்கூட்டரை உதைத்தபடி. "ஏறுங்கோ. முதலாம் எதிரியைப் பாத்திட்டு வருவம்."

இவளைப் பற்றி ஒரு வார்த்தை. கொழும்புத்துறைக்காரி. இருபத்திரண்டு வருடம் என் காரியாலயத்தில் தட்டச்சு செய்தவள். நான் சொல்லாததையும் சேர்த்துத் தட்டச்சு செய்கிற பழக்கம் அப்போதே இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடவில்லை.

*

ஜெயரூபன் வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டில் போட்டு அதற்குள் இருந்தான். மேசை நிறையச் சிரட்டை. நிலம் நிறைய மண்ணிறத் தூள். கையில் பெரிய டோர்ச் லைட் அளவு மினி கிரைண்டர் ஒன்று கீச்சிட்டுக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் நிறுத்தினான்.

"வாங்கோ ஐயா. மனு எழுதியாச்சோ?"

"எழுதியாச்சு. கையெழுத்துத்தான் பாக்கி."

"எனக்கு எத்தினை பக்கம்?"

"நாலு," என்றாள் மரியநாயகி. "பம்புக் கள்ளனுக்கு ரெண்டுதான். உமக்கு மரியாதை கூட."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. மேசையில் பழைய பித்தளை மூடி ஒன்று கிடந்தது. அதை அவன் முன்னால் தள்ளினேன்.

"உதிலை ஒரு இடத்தை அராவிக் காட்டும்."

அவன் தோளைக் குலுக்கிவிட்டுக் கருவியை முடுக்கினான். முனை பித்தளையில் தொட்டதுதான் தாமதம், வழுக்கிக்கொண்டு ஓடியது. திருப்பி வைத்தான். மறுபடி ஓடியது. அரை நிமிடத்தில் மூடி முழுவதும் கோழி கிளறிய முற்றம்போல ஆகிவிட்டது.

"நடிக்கிறீர்," என்றேன்.

"அப்பிடியெண்டால் அக்கா பிடிச்சுப் பாக்கட்டும்."

மரியநாயகி தயங்காமல் வாங்கினாள். தொட்ட மாத்திரத்தில் அது அவள் கையை இழுத்துக்கொண்டு மேசை விளிம்புக்குப் போனது. "அந்தோனியாரே!" என்று அலறி அணைத்தாள். "ஐயா, இது கிரைண்டர் இல்லை. கட்டவிழ்த்த கண்டுக்குட்டி."

"மலிஞ்ச சாமான்," என்றான் ஜெயரூபன். "முனையைக் கவ்விற வாய் தேஞ்சு போச்சு. தலை ஆடுது. சிரட்டை மெதுவானது, சமாளிக்கலாம். பித்தளையிலை இதாலை ஒரு புள்ளிகூட ஒழுங்காய் வைக்கேலாது."

மூன்று கிழமை கட்டிய வழக்கு ஒரு பித்தளை மூடியில் வழுக்கி விழுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு கருவி வைத்திருக்கிறாயா, யாரிடமாவது இரவல் வாங்கினாயா என்று அடுக்கிக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றான். பொய் சொல்கிறவன் அப்படி அலுப்போடு சொல்லமாட்டான். இருபத்தைந்து வருடம் சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் இருந்தவனுக்கு அது தெரியும். தெரிந்ததுதான் எரிச்சல்.

மரியநாயகி தன் கைபேசியில் எடுத்திருந்த விளக்கின் படத்தை அவனிடம் நீட்டினாள். என்னைக் கேட்கவில்லை.

அவன் விரலால் படத்தைப் பெரிதாக்கினான். முகம் மாறியது. கேலி போய்விட்டது.

"ஓரத்தைப் பாருங்கோ ஐயா. நூல் பிடிச்ச மாதிரி. சுத்திவர டேப் ஒட்டிப்போட்டுச் செய்த வேலை. மற்ற இடத்திலை ஒரு கீறல்கூட விழக் கூடாதெண்டு பாத்துப் பாத்துச் செய்திருக்கு." கொஞ்சம் நிறுத்தினான். "உது என்ன, நடுவிலை வெள்ளை?"

"திருநீறு," என்றேன். "கோயில் விளக்கு. திருநீறு இல்லாமல் என்ன இருக்கும்?"

"துடைச்சுப் பாக்கேல்லையோ?"

"சுவாமி விளக்கிலை பூசின திருநீற்றைத் துடைக்கிறதோ? தொட்டு நெற்றியிலை வைச்சன்."

"நான் துடைக்கப் போனன். கையிலை அடி விழுந்துது," என்றாள் மரியநாயகி.

ஜெயரூபன் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தான். "இப்பிடிச் செய்யிற கை யாழ்ப்பாணத்திலை எனக்குத் தெரிஞ்சு ஒண்டுதான். எனக்கு வேலை பழக்கினவர். சோனகதெருப் பக்கம், ஜவாஹிர் அண்ணை. ஆனால் ஐயா, அந்த மனுசனிட்டைப் போய்ப் பொலிஸ் கிலிஸ் எண்டு கத்திப் பேசக் கூடாது. என்னை ஏசுங்கோ. எனக்குப் பழகிப்போச்சு."

அந்தக் கடைசி வசனம் காதில் விழாததுபோல வெளியே வந்துவிட்டேன்.

*

யாழ்ப்பாணத்துக்குப் போகிற வழியில் தட்டாதெருச் சந்தியில் ஸ்கூட்டர் நின்றது. வாகன நெரிசல். மரியநாயகி திரும்பாமலே கேட்டாள்.

"ஐயா, அந்த ரெண்டு கோடு?"

அராவிய இடத்தில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இரண்டு மெல்லிய கோடுகள் ஊசியால் கீறப்பட்டிருந்தன. முதல்நாளே கண்டேன். "என்ரை அப்பான்ரை பேரை வெட்டிக் காட்டியிருக்கிறான். அவமதிப்பு. மனுவிலை மூண்டாம் பந்தி."

"பேரை முழுக்க அராவிப்போட்டு, இல்லாத பேரை ஏன் வெட்டுவான்?"

நான் சட்டைப் பையிலிருந்த மனுவைத் தொட்டுப் பார்த்தேன்.

"நாங்கள் சின்ன வகுப்பிலை எழுதின கொப்பியிலை எப்பிடி இருந்தது? ரெண்டு கோடு. நடுவிலை எழுத்து. ஐயா, பேர் அழிக்க வந்தவன் டேப் ஒட்டமாட்டான். மெழுகு போட்டு மினுக்கமாட்டான். கோடு போடவே மாட்டான். இது அழிக்க வந்த வேலை இல்லை. எழுத வந்த வேலை. இடையிலை நிண்டு போச்சு."

இதை மூன்று கிழமைக்கு முன்னரே நான் கண்டிருக்க வேண்டும். "முன்னாலை பாத்து ஓட்டும்," என்றேன்.

*

ஜவாஹிருக்கு அறுபது வயதிருக்கும். மணிக்கூடு திருத்துகிறவர். தொண்ணூறில் இடம்பெயர்ந்து போன புத்தளத்திலிருந்து திரும்பி வந்தபோது கடை இருந்த இடத்தில் சுவர் மட்டும்தான் இருந்ததாம். இப்போது வீட்டின் பின் அறையில் பொழுதுபோக்காகச் சிரட்டை விளக்குகள் செய்கிறார். ஒரு சிரட்டையில் ஊசித்துளை ஆயிரம். உள்ளே மின்குமிழைப் போட்டால் சுவரெல்லாம் நட்சத்திரம். அவருடைய கருவி மேசையில் கிடக்கவில்லை. மேலே கொளுக்கியில் தொங்கியது. அதிலிருந்து வளையும் குழாய் ஒன்று இறங்கி, நுனியில் பேனை அளவு கைப்பிடி இருந்தது. பக்கத்தில் டேப் சுருள். பச்சை மெழுகுக் கட்டி. இரண்டையும் ஒரே மேசையில் கண்டபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை.

படத்தைக் காட்டினேன். அவர் ஒரே ஒரு தரம் பார்த்தார்.

"என்ரை வேலைதான்."

"ஆர் சொல்லிச் செய்தனீங்கள்?"

"அது சொல்லேலாது ஐயா. சொல்லமாட்டன் எண்டு வாக்குக் குடுத்தனான்."

"கோயில் சொத்து. பொலிஸுக்குப் போவன்."

"போங்கோ. அங்கையும் இதைத்தான் சொல்லுவன்."

எனக்குக் குரல் ஏறிவிட்டது. குடும்பம், மானம், நான்கு பக்கம், மூன்றாம் பந்தி எல்லாவற்றையும் அந்தச் சின்ன அறைக்குள் கொட்டினேன். அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருந்தார். மரியநாயகி வாய் திறக்கவில்லை. அவள் வாய் திறக்காத இடத்தில் நான் கேவலமாக நடந்துகொள்கிறேன் என்று பொருள்.

அப்போது அவர் மனைவி மைமூனா தேநீரோடு வந்தார். வீட்டுக்குள் கேட்டது கோயில், விளக்கு என்ற இரண்டு சொற்கள் மட்டும்தான் போலிருக்கிறது. ஒரு துணிப்பையை என்னிடம் நீட்டினார்.

"நீங்கள் அந்த விளக்கின்ரை ஊர்தானே? அந்த அம்மா இதை விட்டிட்டுப் போட்டா. குடுத்து விடுங்கோ. பாவம், அழுதுகொண்டு போனவ."

"மைமூனா," என்றார் ஜவாஹிர். பிந்திவிட்டது.

நீலத் துணிப்பை. வெள்ளை எழுத்து. 'பதிவாளர் திரு. க. மார்க்கண்டு அவர்களின் பிரியாவிடை'. நாற்பது பைகள் அடித்தார்கள். முப்பத்தொன்பது ஊழியர்களுக்கு. நாற்பதாவது என் வீட்டுக் குசினிக் கதவில் தொங்குவது. அதன் ஒரு காது அறுந்து, சிவப்பு நூலால் தைத்திருக்கும்.

இந்தப் பையின் காது சிவப்பு நூலால் தைத்திருந்தது.

மரியநாயகி அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குறிப்புப் புத்தகத்தை மூடினாள்.

திருவிழாவுக்கு முன்னர் அந்தந்தக் குடும்பம் தங்கள் விளக்கைத் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புளி போட்டு விளக்குவது எங்கள் ஊர் வழக்கம். பெயர் போனதை நான் காண்பதற்குச் சற்று முன், எங்கள் விளக்கு இரண்டு நாள் எங்கள் வீட்டில் இருந்தது. கோயில் சாவி யாரிடம், மதில் எவ்வளவு உயரம், ஐயர் எத்தனை மணிக்கு நித்திரை என்றெல்லாம் விசாரித்த நான், அந்த இரண்டு நாளை மட்டும் விசாரிக்கவில்லை. என் வீட்டு வாசலைத் தாண்டிச் சந்தேகம் உள்ளே போகும் என்று நான் நினைத்ததே இல்லை.

"இனி மறைச்சு என்ன," என்றார் ஜவாஹிர். "புளி தேய்ச்சுத் தேய்ச்சுப் பேர் மங்கிப் போச்சாம். ஆழமாய், வடிவாய் வெட்டித் தரச் சொல்லி வந்தவ. 'அவருக்குச் சொல்லாமல் செய்யிறன், திருவிழாவண்டு பாக்கட்டும்' எண்டவ. முதலிலை இடத்தைச் சமப்படுத்த வேணுமெல்லோ? டேப் ஒட்டி, வேகத்தைக் குறைச்சு, மெல்ல மெல்ல எடுத்தன். கடைசியாய் மெழுகு போட்டு, எழுத்துக்குக் கோடும் கீறினன். பிறகுதான் கண்ணாடியைப் போட்டு வடிவாய்ப் பாத்தன்."

"என்ன பாத்தனீங்கள்?"

"நான் அராவினது விளக்கை இல்லை. விளக்கிலை ஒட்டியிருந்த மெல்லிய தகட்டை. அது முழுக்கத் தேய்ஞ்சு போட்டுது. உங்கடை அப்பான்ரை பேர் அந்தத் தகட்டிலைதான் இருந்திருக்கு. விளிம்பு தெரியாமல் ஒட்டின ஆள் நல்ல வேலைக்காரன். ஆனால் ஈயம் வைச்சு ஒட்டினால் ஈயம் கீழை கிடக்கிற பள்ளத்துக்குள்ளை இறங்கும். பள்ளம் எண்டால்... எழுத்து."

அவர் தன் கைபேசியில் ஒரு படத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். திருநீறு பூசப்படுவதற்கு முன் எடுத்த படம்.

மஞ்சள் பித்தளை. அதில் ஈய வெள்ளையில் எழுத்துகள்.

'மு. இராசாத்தி உபயம்.'

"அந்த அம்மா கனநேரம் அதையே பாத்துக்கொண்டு இருந்தவ," என்றார் ஜவாஹிர். "பிறகு மடியிலை இருந்த திருநீற்றுப் பையை அவிட்டு, அது மேலை பூசினவ."

வெள்ளைக்கு மேல் வெள்ளை. ஒரு சைவக்காரன் கை வைக்க மாட்டான் என்று என் மனைவிக்குத் தெரிந்திருந்தது. நான் அதைத் தொட்டு நெற்றியில் வைத்து மூன்று கிழமை ஊரில் நடந்திருக்கிறேன்.

*

என் மனைவி பாலேஸ்வரி குசினியில் நின்றாள். பையை மேசையில் வைத்தேன். அவள் கையிலிருந்த அகப்பை நின்றது.

"ஓம்," என்றாள். "நான்தான்."

"மூண்டு கிழமை. நான் வெயிலுக்குள்ளை நாய் மாதிரி அலைஞ்சன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"என்னெண்டு சொல்ல? 'ஜெயரூபன் கள்ளன் இல்லை' எண்டு சொன்னால், அடுத்த கேள்வி 'அப்ப ஆர்?' எண்டு கேப்பியள். அதுக்கு நான் உங்கடை அப்பான்ரை பேரைச் சொல்ல வேணும். இந்த வீட்டிலை இருந்துகொண்டு அதைச் சொல்ல என்னாலை முடியேல்லை."

"ஒரு அப்பாவியிலை பழி விழுந்துது."

"தெரியும். நித்திரை இல்லை எனக்கு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஆனால் அந்த மனுவை நான் எழுதேல்லை."

சரியான பதில். நீதிமன்றத்தில் சொல்லியிருந்தால் நானே பாராட்டியிருப்பேன். ஆத்திரத்தை வைக்க எனக்கு இடம் கிடைக்கவில்லை. அவளிடம் வைக்க முடியாது. ஜவாஹிரிடம் முடியாது. அப்பாவின் படம் சுவரில் மாலையோடு இருந்தது. நெஞ்சு நிமிர்த்திய படம். அப்படி நிற்கத்தான் எனக்கும் பழக்கினார்.

"மணி நாலே முக்கால்," என்றாள் மரியநாயகி வாசலில் நின்று. "ஐயா, வேண்டாமெண்டால் ரயர் காத்துப் போச்செண்டு நான் போய்ச் சொல்லுறன். என்ரை ரயர், என்ரை பொய். உங்களுக்குப் பாவமில்லை."

நான் சால்வையை எடுத்துத் தோளில் போட்டேன்.

*

கோயில் மண்டபத்தில் இருபது பேர் இருந்தார்கள். ஜெயரூபன் தூணோடு நின்றான். தலைவர் என்னைக் கண்டதும், "மார்க்கண்டர் மனுவை வாசிக்கட்டும்," என்றார்.

"முதலிலை விளக்கை இறக்குங்கோ."

சங்கிலி கிறீச்சிட்டு இறங்கியது. நான் சால்வையின் நுனியை நனைத்தேன். அடிப்பக்கத்துத் திருநீற்றில் கை வைத்தபோது யாரோ "ஐயோ, ஐயா!" என்றார்கள். துடைத்தேன். எழுபத்தொரு வயதில் முதன்முறையாகச் சுவாமி விளக்கில் திருநீற்றைத் துடைத்தேன். வெள்ளை எழுத்துகள் வெளியே வந்தன.

"ஜெயரூபன், இங்கை வாரும். வாசியும்."

அவன் குனிந்தான். எழுத்துகளை விரலால் தடவினான். பிறகு வாசித்தான். "மு. இராசாத்தி உபயம்."

நான் மனுவை எடுத்தேன். பேனையையும் எடுத்தேன். முதலாம் எதிரி என்ற இடத்தில் இருந்த ஜெயரூபனின் பெயரில் கோடு போட்டேன். அதற்கு மேல், எல்லோரும் பார்க்க, ச. கதிரவேலு என்று எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் நேராக இருக்கும். அன்று சரிந்தது. தாளைத் தலைவரிடம் கொடுத்தேன்.

"அப்ப ஏழாம் திருவிழா?" என்று தலைவர் தடுமாறினார்.

"விளக்கிலை இருக்கிற பேரைப் பாருங்கோ. என்னை ஏன் கேக்கிறியள்?"

வெளியே வந்தபோது ஜெயரூபன் பின்னால் ஓடி வந்தான். ஏதோ சொல்ல வாய் திறந்தான். நான் கையை உயர்த்தித் தடுத்தேன். நன்றி என்று அவன் சொல்லியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது. ஆனால் அவன் சொன்னது வேறு.

"ஐயா, அம்மம்மான்ரை ஏழாம் திருவிழாவண்டு சுண்டல் செய்ய எங்கடை வீட்டிலை ஆள் இல்லை. பாலேஸ்வரி மாமியிட்டைக் கேக்கலாமோ?"

"அவவிட்டைக் கேளும்," என்றேன்.

மரியநாயகி ஸ்கூட்டரில் காத்திருந்தாள். குறிப்புப் புத்தகம் மடியில்.

"பதினைஞ்சாம் வழக்கு. என்னெண்டு எழுத?"

"முதலாம் எதிரி இறந்துவிட்டபடியால் அவருக்கு எதிரான வழக்கு முடிவுறுத்தப்பட்டது."

எழுதினாள். பேனையைத் தாளிலிருந்து எடுக்கவில்லை. "ரெண்டாம் எதிரி எண்டு ஒராள் இருக்கோ? மூண்டு கிழமை ஒரு மனுசனைக் கள்ளன் எண்டு சொல்லித் திரிஞ்சவர்?"

"இருக்கிறான்," என்றேன். "குற்றத்தை ஒப்புக்கொண்டான் எண்டு எழுதும்."

சொல்லிவிட்டு, சால்வை நுனியில் ஒட்டியிருந்த திருநீற்றை உதறாமல் மடித்து வைத்துக்கொண்டு, அவள் பின்னால் ஏறினேன்.